பங்கு போடப்படும் சிவராம்

ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரம் வந்துவிட்டால் மட்டக்களப்பிலே ஒரு வழக்கம் நடந்தேறுகிறது. கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களுக்கெனக் காந்தி பூங்காவில் நிறுவப்பட்ட நினைவுத்தூபியின் முன்னே சுடர் ஏற்றப்படுகிறது, மலர் தூவப்படுகிறது, நீதி வேண்டும் என்ற பதாகையை ஏந்திச் சிலர் வாவிக் காற்றிலே நிற்கிறார்கள். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. புலனாய்வுத் துறையினர் எதிரே நின்று முகம் பார்த்துப் பெயர் குறித்துக்கொண்ட காலத்திலும் வந்து நின்றவர்கள் அவர்கள். நாம் வினவ விரும்புவது மறுநாளைப் பற்றி. பூ வாடிய பின் அந்த மனிதனின் எழுத்தில் ஒரு பக்கத்தையாவது எடுத்து வாசித்தவர் எத்தனை பேர்? அவர் எந்தக் கேள்விகளைக் கேட்டதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னவர் எத்தனை பேர்?

தர்மரத்தினம் சிவராம், தராகி என்ற புனைபெயரால் உலகம் அறிந்த சிவராம், கொல்லப்பட்டு 2025இல் இருபதாண்டு நிறைந்தது. இந்த இருபதாண்டில் ஒருவரேனும் அக்கொலைக்காகத் தண்டிக்கப்படவில்லை. அரசாங்கங்கள் வந்தன, போயின, ஜனாதிபதிகள் மாறினர், ஆணைக்குழுக்கள் அமர்ந்து எழுந்தன, கோப்பு மட்டும் அசையவில்லை. கொலைகாரன் ஒருபுறம் தப்பினான். மறுபுறத்தில், மாண்டவரையே பங்கு போடும் வேலை மும்முரமாக நடைபெற்று வருகிறது.

பங்காளிகள் மூவர். முதலாமவர் மேடைத் தேசியவாதி. அவருக்கு வேண்டியது 2004க்கும் 2005க்கும் இடைப்பட்ட சிவராம் மட்டுமே. அதற்கு முந்திய இருபதாண்டுச் சிவராமைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒலிவாங்கி பழுதாகிவிடும். இரண்டாமவர் கொழும்புக் கனவான். புலிகளின் பேனா என்ற இரண்டு சொல்லிலே கணக்கை முடித்து, அத்தகையவனுக்கு அழ வேண்டியதில்லை என்று மேசையைத் துடைத்துவிடுவார். மூன்றாமவர் நம்மூர்க்காரரே. கிழக்கைப் பிறர்க்குக் காட்டிக்கொடுத்தவர் சிவராம் என்று காதோடு காதாகச் சொல்லித் திரிபவர். மூவரும் தத்தமக்கு வேண்டிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு எஞ்சியதை வாவியிலே எறிகின்றனர். வாவியில் எறியப்பட்டதை ஈண்டு எடுத்து வைக்கிறோம்.

1959 ஆகஸ்ட் 11இல் மட்டக்களப்பில், அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் நிலங்கள் கொண்ட செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தவர் சிவராம். புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். ஏழ்மை துரத்திப் புரட்சிக்கு வந்தவரல்லர். புத்தகம் துரத்தி வந்தவர். 1980களின் தொடக்கத்திலே மட்டக்களப்பில் ஒரு வாசகர் வட்டம் கூடியது. உத்தியோகமில்லா இளைஞரும் ஆசிரியரும் எழுத்தரும் சுற்றியிருந்து தத்துவம், இலக்கியம், அரசியல் என்று நள்ளிரவு வரை வாதாடிய வட்டம் அது. அதன் உயிர்நாடிகளுள் ஒருவர் சிவராம். அக்காலத்தில் மண்டூர் முருகன் கோயிலை ஆராய வந்திருந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் அவ்வட்டத்தின் வாயிலாக இவரைச் சந்தித்தார். கோயிலை ஆராய வந்தவர், தம்மைக் குறுக்கு விசாரணை செய்யும் ஒரு வாலிபனைக் கண்டு திகைத்தார். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது. 2007இல் சிவராமின் வாழ்வையும் சாவையும் பற்றி விற்றேக்கர் எழுதிய ஆங்கில நூல் வெளிவந்தது. மட்டக்களப்பான் ஒருவனின் சிந்தனையை முழு நூலாக ஆராய்ந்தவர் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தது! விபுலாநந்த அடிகள் பிறந்த நாடு இது என்று ஆண்டுதோறும் மார்தட்டுகிறோம். அடிகளாரும் பத்திராதிபராக இருந்தவர்தாம், பிரபுத்த பாரதத்தை நடத்தியவர்தாம் என்பது மார்தட்டுவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார் சிவராம். 1983 ஆடிக் கலவரம் அப்படிப்பை முறித்தது. அதற்கு முன்னரே காந்தீய இயக்கத்தின் வழியாகத் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தோடு, அதாவது புளொட் இயக்கத்தோடு, அவருக்குத் தொடர்பு ஏற்பட்டிருந்தது. ஆங்கில இலக்கியம் கற்கப் போனவர் ஆயுத இயக்கத்துக்குள் நுழைந்தார். பின்னர் அவ்வியக்கத்தின் அரசியற் கட்சியான ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணியின் பொதுச் செயலாளராகவும் உயர்ந்தார்.

இங்கேதான் மேடைத் தேசியவாதி தொண்டையைக் கனைக்கிறார். புளொட் என்ற பெயரைச் சொல்லாமல் 1983இலிருந்து 1997க்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார். ஐயா, அந்தப் பதினான்கு ஆண்டையும் எங்கே ஒளித்து வைத்தீர்? புளொட் இயக்கத்தின் முகாம்களுக்குள்ளே தன் தோழரையே சித்திரவதை செய்து கொன்ற வரலாறு ஊரறிந்தது. அதனின்று வெளியேறியோர் 1985இல் புதியதோர் உலகம் என்ற நாவலாக அதனை எழுதியே வைத்துவிட்டனர். அத்தகைய இயக்கத்திலே சிவராம் ஏன் நீடித்தார், எதைக் கண்டார், எதைக் கண்டும் பேசாதிருந்தார் என்று கேட்பது அவரை இழிவுபடுத்துவதாகாது. பிறரை இடைவிடாது கேள்வி கேட்டு வாழ்ந்த ஒருவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையே அதுதான். விடை சுகமாக இராது. ஆனால், தமிழ் இளைஞர் ஒரு தலைமுறையே இவ்விதம் நல்ல நோக்கோடு கெட்ட இடங்களில் அகப்பட்டுக்கொண்டதை விளக்க அவர் வாழ்வைவிடச் சிறந்த சான்று வேறில்லை. மறைத்துவிட்டால் இழப்பு யாருக்கு?

இயக்கத்தோடு முரண்பட்டு விலகும் வேளையிலேதான் பேனா அவர் கைக்கு வந்தது. அதைக் கொடுத்தவர் ஒரு கவிஞர். ரிச்சர்ட் டி சொய்சா: நடிகர், ஆங்கிலக் கவிஞர், இன்ரர் பிரஸ் சேர்விஸ் என்ற சர்வதேசச் செய்தி நிறுவனத்தின் நிருபர், சிங்களத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்தவர். அவருடைய தூண்டுதலால் 1989இல் ஐலண்ட் ஆங்கிலப் பத்திரிகையில் தராகி என்ற பெயர் தோன்றியது. அக்காலத்தை நினைவூட்டுவது நலம். வடகிழக்கில் இந்தியப் படை; தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுனவின் கிளர்ச்சியும் அதனை அடக்கிய அரசின் கோரமும்; ஆறுகளில் பிணங்கள். கொழும்பு வாசகனுக்குத் தமிழ் இயக்கங்கள் எல்லாம் ஒரே இருட்டு. அந்த இருட்டிலே எந்த இயக்கம் எங்கே நிற்கிறது, எந்தக் காட்டில் எந்தப் படை ஏன் நகர்கிறது என்று பெயரும் ஊரும் வழியும் சொல்லி எழுதினார் தராகி. சேனாதிபதிகளும் தூதரகத்தாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத்தான் முதலிற் படித்தனர் என்பர்.

1990 பெப்ரவரி 18இல் ரிச்சர்ட் டி சொய்சா ஆயுதம் தாங்கியோரால் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். சடலம் மொறட்டுவைக் கரையில் ஒதுங்கியது. வயது முப்பத்தொன்று. அதை அடையாளங்காட்ட உதவியவர்களுள் சிவராமும் ஒருவர். ரிச்சர்ட்டின் தாயார் மருத்துவர் மனோராணி சரவணமுத்து, மகனைக் கொண்டுபோனவன் இன்னானென்று பொலிஸ் அதிகாரியொருவரைச் சுட்டிப் பெயர் சொன்னார். கொலை மிரட்டல்களுக்கு அஞ்சாது, காணாமற் போனோரின் தாய்மாருக்குத் தலைமை தாங்கினார். என்ன பயன்? வழக்கு இழுபட்டு இழுபட்டு, குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸார் 2005இல் விடுதலையாயினர். எந்த ஆண்டு? அதே 2005, சிவராம் கொல்லப்பட்ட ஆண்டு! நண்பனின் வழக்கு மூடப்பட்ட ஆண்டிலேயே நண்பனின் நண்பனுக்குக் குழி தோண்டப்பட்டது. பத்திரிகையாளனைக் கொன்றால் இந்நாட்டில் ஒன்றும் நேராது என்ற பாடத்தை 1990இலேயே அரசு கற்பித்துவிட்டது. பின்வந்தோர் அப்பாடத்தை ஒப்புவித்தனர்.

கொழும்புக் கனவானிடம் நாம் கேட்பது இதுவே. புலிகளின் பேனா என்றீரே, ரிச்சர்ட் எந்தப் புலியின் பேனா? 2009 ஜனவரி 8இல் இரத்மலானைப் பக்கம் பட்டப்பகலிற் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்க எந்தப் புலியின் பேனா? 2010 ஜனவரியிற் காணாமற் போன கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட எந்தப் புலியின் தூரிகை? யாழ்ப்பாணத்து நிமலராஜன் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஊரடங்குச் சட்டம் நிலவிய இரவில், இராணுவக் காவலரண்கள் சூழ்ந்த தம் வீட்டிற் கொல்லப்பட்டாரே, அப்போது உமது ஆசிரியத் தலையங்கம் எத்தனை வரி? தமிழன் கொல்லப்பட்டபோது அவன் அரசியலை ஆராய்ந்தீர். பிறகு அதே கத்தி உம் தெருவுக்கு வந்தது.

அவர் முதலில் எழுதியதை நீர் படித்தீரா என்றும் ஐயுறுகிறோம். 1989ஆம் ஆண்டுத் தராகி எவர்க்கும் துதி பாடவில்லை. புலிகளின் உத்திகளையும் தவறுகளையும் ஒருசேர அலசினார். அக்கட்டுரைகள் 1991இல் பிரான்சில் நூலாகத் தொகுக்கப்பட்டன. 1992இல் லங்கா கார்டியன் இதழிலே தமிழரின் படைமரபு குறித்து ஒரு தொடர் எழுதினார். பாளையக்காரர் போர்களுக்குப் பின் மறவர் முதலிய போர்க்குடிகளை ஆங்கிலேயன் எவ்வாறு ஒடுக்கினான், தமிழனென்றால் அடக்கமான உழவனும் குமாஸ்தாவுமே என்ற படிமம் எவ்வாறு எழுப்பப்பட்டது, பழைய வீரமொழி இருபதாம் நூற்றாண்டு அரசியலில் எவ்வாறு மீண்டும் தலைதூக்கியது என்று ஆராய்ந்தார். அதன் முடிபுகளை எல்லாரும் ஏற்க வேண்டுமென்பதில்லை; சாதிப் பெருமைக்கு அது தீனியாகிவிடும் ஆபத்தை நாமே உணர்கிறோம். ஆயினும் கேள்வியின் ஆழத்தைப் பாருங்கள். இதழுக்கு எழுதும் நிருபன், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடத் தயங்கியதைத் தொட்டான்!

இவற்றிலும் பெரிதென்று நாம் கருதுவது வேறொன்று. 1990ஆம் ஆண்டை வாவிக்கரை மறக்காது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுது நின்ற முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் படையினர் கொண்டுபோயினர், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டான். அடுத்த ஆண்டு ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலை மகிழடித்தீவு. இவற்றில் எத்தனை கொழும்புப் பத்திரிகைகளில் உரியவாறு வந்தன? பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை வரும், அதுவே செய்தியாகும். படுவான்கரையிலே ஒரு குடியானவன் சுடப்பட்டால் அவன் பயங்கரவாதியென்று ஒரு வரி. அத்துடன் அவன் கதை முடிந்தது.

1997 முதல் சிவராம் முன்னின்று உருவாக்கிய தமிழ்நெற் செய்தித் தளம் அந்த ஒரு வரியை உடைத்தது. ஊரூராக நிருபர், எந்த ஊர், எந்தச் சந்தி, என்ன நேரம், யார், எத்தனை பேர், எந்த முகாமிலிருந்து வந்த எந்த அணி, உணர்ச்சிச் சொல் ஒன்றுமின்றித் தெளிந்த ஆங்கிலத்தில், சில மணி நேரத்துள். வவுணதீவிலே நடந்தது அன்றிரவே ஜெனீவாவில் வாசிக்கப்பட்டது. கோஷம் எழுதத் தெரிந்தவர் நம்மிடையே ஆயிரம் பேர் இருந்தனர். செய்தி எழுதக் கற்பித்தவர் இவர். அத்தளம் ஒருதலைச் சார்புடையதென்று குறை கூறப்பட்டது. கூறட்டும். ஒரு தலையுடைய செய்தியேனும் வந்திராவிடில் அக்குடியானவனுக்கு எந்தத் தலையும் இருந்திராது. எனினும் காத்தான்குடியை நாம் மேலே வேண்டுமென்றே குறிப்பிட்டோம். சிவராம் தம் இறுதிக் காலத்தில் அருகே நின்ற இயக்கம் அதனைச் செய்த இயக்கம். வாவியின் இக்கரையில் நின்று அக்கரைப் பிணங்களை மட்டும் எண்ணுகிறவன் பத்திரிகையாளனாக மாட்டான். இந்த அளவுகோலை அவருக்கும் வைக்கிறோம், அவரைப் போற்றும் நமக்கும் வைக்கிறோம்.

இனி மூன்றாம் பங்காளிக்கு வருவோம். 2004 மார்ச்சில் கருணா புலிகளிடமிருந்து பிரிந்தபோது, வடக்கின் ஆதிக்கத்தினின்று கிழக்கை மீட்கவே பிரிந்தேன் என்றார். அப்பேச்சில் உண்மையின் துளி இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். யாழ்ப்பாணத்து மிடுக்கை மட்டக்களப்பான் நெடுங்காலம் சுமந்தவன். சிவராமைப் போல் அதனை அறிந்தவரும், மட்டக்களப்பின் குடிவழமையையும் நிலத்தையும் பேச்சையும் போற்றியவரும் அரியர். அத்தகையவர் கருணாவை எதிர்த்து வீரகேசரி வாரப் பத்திரிகையிலே எழுதினார். ஏன்? மக்களைச் சிறு சிறு துண்டாக்கி, ஒரு துண்டை மற்றத் துண்டின் மீது ஏவிவிட்டு, எதிர்க்கும் மனவுறுதியைக் கரைப்பதே கிளர்ச்சி அடக்கும் கலையின் சாரம் என்று பல்லாண்டு எழுதி வந்தவர் அவர். தம் ஊரிலேயே அது கண்முன் நிகழ்ந்தபோது வாய் மூடியிருப்பாரா? புளொட் இயக்கத்தில் இருந்தபோது தமிழனைத் தமிழன் கொல்வதை உள்ளிருந்து பார்த்தவர்க்கு அதன் மணம் முன்கூட்டியே தெரிந்தது. கிழக்கின் துரோகி என்பவர் இந்தக் காரணத்துக்கு மறுமொழி சொல்லட்டும்; வசை வேண்டாம்.

பிரதேச வாதம் பேசுவோர்க்கு வேறொரு மனிதரையும் காட்டுவோம். ஐயாத்துரை நடேசன். வடமராட்சி நெல்லியடியிலே பிறந்தவர். நெல்லை நடேசன் என்றே எழுதியவர். வருமான வரித் திணைக்கள உத்தியோகத்தராக மட்டக்களப்பிலே வாழ்ந்து, வீரகேசரிக்கும் வானொலிக்கும் இம்மண்ணின் துயரத்தை எழுதியவர். 2004 மே 31ஆந் தேதி காலை, அலுவலகம் போகும் வழியில், மட்டக்களப்புத் தெருவிலே சுட்டு வீழ்த்தப்பட்டார். யாழ்ப்பாணத்தான் கிழக்கைச் சுரண்டினான் என்று பேசுகிறவரே, நடேசன் சுரண்டிக்கொண்டு போனது என்ன? பதினொரு மாதம் கழித்து மட்டக்களப்பான் சிவராம் கொழும்பிலே மாண்டார். வடக்கான் கிழக்கிலும் கிழக்கான் மேற்கிலும் மாண்டதில் உமது பிரதேச எல்லைக்கோட்டை எங்கே போடுவீர்?

நடேசனுக்குப் பிறகு நண்பர்கள் சிவராமை நாட்டைவிட்டு வெளியேறுமாறு மன்றாடினர். அவர் வீடு பொலிஸாரால் சோதனையிடப்பட்டது. மிரட்டல்கள் வந்தன. அவர் போகவில்லை. 2005 ஏப்ரல் 28 இரவு, பம்பலப்பிட்டியில் நண்பர்களோடு உண்டு வெளியே வந்தவரை, பொலிஸ் நிலையத்துக்கு அருகிலேயே, நால்வர் பலவந்தமாக வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். மறுநாள், பாராளுமன்றத்தை அடுத்த உயர் பாதுகாப்புப் பகுதியில், தலையில் அடிபட்டுச் சுடப்பட்ட நிலையில் உடல் கண்டெடுக்கப்பட்டது. வயது நாற்பத்தைந்து. போர் நடந்த காலமன்று அது. 2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையில் இருந்த காலம்! ஒரு சந்தேக நபர் கைதானார்; சில நாள் பரபரப்பு; பின்னர் மௌனம். பொலிஸ் நிலையத்தருகே கடத்தப்பட்டுப் பாராளுமன்றத்தருகே கிடந்த உடலுக்குச் சான்று கிடைக்கவில்லையாம். நம்புவோர் நம்பலாம்.

புலிகள் அவருக்கு மாமனிதர் பட்டம் அளித்தனர். உயிரோடு இருந்தவரை எவர்க்கும் முழுதாக அடங்காதவர் செத்தபின் பட்டத்துள் அடங்கினார். இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உருமேனியாவில் ஜியோ பொக்சா என்றொரு கவிஞர் இருந்தார், 1908இற் பிறந்தவர். இருபது வயதில் கலக இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1930களில் அவர் கவிதைகள் ஆபாசமென்று அரசு அவரைச் சிறையிலிட்டது. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் வாழ்வைப் பத்திரிகையில் எழுதி அங்கே செய்திக் கட்டுரை என்னும் கலைக்கே வழிகாட்டியானார். அதே மனிதரை 1955இல் புதிய ஆட்சி நாட்டின் கலைக்கழக உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது. கலகக்காரனைச் சிறையில் அடைக்கும் ஆட்சி ஒன்று; பீடத்தில் அடைக்கும் ஆட்சி மற்றொன்று. பொக்சாவாவது 1993 வரை வாழ்ந்து தம் பீடத்தைத் தாமே பார்த்தார். சிவராமுக்கு அந்த அவகாசமும் இல்லை.

அரசாங்கத்தை நோக்கி நாம் கோருவது புதியதன்று. கொல்லப்பட்ட பத்திரிகையாளர் வழக்குகளை மீண்டும் கிளறுவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லப்படுகிறது. பட்டியலைத் தயாரிக்கும்போது தெற்கின் பெயர்கள் முன்னும் வடகிழக்கின் பெயர்கள் பின்னும் நிற்கின்றன, சில வேளை நிற்பதேயில்லை. லசந்தவின் கோப்பு திறக்கப்படும் அதே நாளில் நிமலராஜனும் நடேசனும் சிவராமும் திறக்கப்பட வேண்டும். சாட்சிகள் மூப்படைகின்றனர், இறக்கின்றனர். காலம் கடத்துவதே இங்கே தீர்ப்பாகி வருகிறது. 1979இல் தற்காலிகம் என்று சொல்லிப் பிறந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச்சட்டம், எழுதியவனையும் நினைவுகூர்ந்தவனையும் விசாரணைக்கு அழைக்கப் பயன்பட்ட அளவுக்கு, எழுதியவனைக் கொன்றவனைத் தேடப் பயன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

நம்மவர்க்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. ஆகவே இன்னும் வெட்கமானது. தூபிக்குப் பூ வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அவர் தமிழில் எழுதியவற்றைத் தொகுத்து மட்டக்களப்பிலேயே அச்சிட எவர் தடை? புளொட் காலத்தையும் சேர்த்து, முரண்பாடுகளையும் சேர்த்து, நாம் ஒப்பாதவற்றையும் சேர்த்து. பழைய வாசகர் வட்டம் போல் மாதம் ஒரு மாலை கூடி, ஒரு கட்டுரையை எடுத்துக் கிழித்துப் போட்டு வாதாட எவர் தடை? புலமைக்கும் பொருளுக்கும் இவ்வூரில் பஞ்சமில்லை. நூல்நிலையங்களில் 2004ஆம், 2005ஆம் ஆண்டுகளின் வீரகேசரி வாரப் பதிப்புக் கட்டுகள் தூசு படிந்து கிடக்கக்கூடும்; முதலில் அவற்றை எடுத்துப் பிரதி செய்யத் தொடங்குங்கள்.